காசில்வேனியா: எந்தப் பாகத்துல இருந்து ஆரம்பிக்கிறது?

இரவுப்பணி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், இது முதல் பதிவு.

போன மாசம் காய்ச்சல்ல ஒரு வாரம் படுத்துக் கிடந்தேன். பொழுது போகலைன்னு நெட்ஃப்ளிக்ஸ்ல காசில்வேனியா அனிமேஷன் தொடரைப் போட்டேன். நாலு சீசனும் அஞ்சே நாள்ல முடிஞ்சிடுச்சு. ட்ரெவர், சைஃபா, அலுகார்ட் மூணு பேரும் இன்னும் மனசை விட்டுப் போகலை. ரெண்டாவது சீசன்ல டிராகுலா கோட்டைக்குள்ள பெரிய சண்டை நடக்கும்போது ஒரு இசை வரும், ஞாபகம் இருக்கா? எழுந்து உட்கார்ந்துட்டேன். அது பழைய கேம்ல இருந்து வந்த மெட்டுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அப்ப கேமையே விளையாடிடலாம்னு தேடினா, 1986ல ஆரம்பிச்ச தொடர், வரிசையா எத்தனையோ பேர். எது எதுக்கு அடுத்ததுன்னே புரியலை.

என் நிலவரம்: சாதாரண லேப்டாப் ஒண்ணு, ஆண்ட்ராய்டு போன், நண்பன் கொடுத்த கன்ட்ரோலர். நைட் ஷிஃப்ட் வேலை, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கிடைச்சா பெரிசு. ஹாலோ நைட் பாதி வரைக்கும் விளையாடியிருக்கேன், ரொம்பப் பிடிச்சுது. பழைய எட்டு பிட் கேம் எதுவும் தொட்டதே இல்லை, நான் பிறக்கிறதுக்கு முன்னாடி உள்ளது.

கதை நடக்கிற வருஷப்படி போகலாமா, வெளிவந்த வரிசையா, இல்லை எல்லாரும் தலையில வெச்சுக் கொண்டாடுற சிம்ஃபனி ஆஃப் தி நைட்ல நேரா குதிக்கலாமா? விஷயம் தெரிஞ்ச அண்ணன்மாருங்க, அக்காமாருங்க சொல்லுங்க.

வடக்குவீதி எழுதியது:

வாங்க தம்பி. இந்தக் கேள்விக்கு வழக்கமா எல்லாரும் ஒரே வரியில "சிம்ஃபனி"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நான் வேற மாதிரி சொல்லப் போறேன், கொஞ்சம் நீளமாவும் சொல்லுவேன். இந்தத் தொடர்னா எனக்கு உசுரு.

1986ல வந்த முதல் கேம்ல ஆரம்பிங்க. பேரே வெறும் காசில்வேனியாதான். அதை முடிச்ச பிறகு வரிசையெல்லாம் பார்க்காதீங்க, பிடிச்ச இடத்துக்குத் தாவுங்க. ஆனா முதல் படி அதுவா இருக்கட்டும்.

கதை வருஷப்படி போறதை முதல்ல விட்டுடுங்க. அப்படிப் பார்த்தா 1094ல நடக்கிற லமென்ட் ஆஃப் இன்னொசென்ஸ்தான் முதல்ல வரும். அது 2003ல பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது, உங்க லேப்டாப்ல ஓடாது. அடுத்து நீங்க பார்த்த ட்ரெவரோட காலம், 1476. அது மூணாவது கேம். முதல் கேம் நடக்கிறது 1691ல, ட்ரெவரோட வம்சத்துல பின்னாடி பிறந்த சைமன் பெல்மான்ட்டோட கதை. இந்த வருஷக் கணக்கெல்லாம் பல கேம் விளையாடினவனுக்கு ருசிக்கும், புதுசா வர்றவனுக்குச் சுமைதான்.

முக்கியமா ஒண்ணு தெரிஞ்சுக்கணும். இது ஒரு பேர்ல ஓடுற ரெண்டு வம்சம். 1986ல இருந்து தொண்ணூறுகளோட நடு வரைக்கும் வந்ததுல பெரும்பாலும் கட்டம் கட்டமா முன்னேறுற கேம். கையில ஒரு சாட்டை, எதிர்ல பேய்க்கூட்டம், கட்டத்தோட கடைசியில ஒரு பெரிய ஆள். 1997ல சிம்ஃபனி வந்ததும் பாதை மாறிடுச்சு. ஒரே கோட்டை, எங்க வேணா போகலாம், புது சக்தி கிடைச்சதும் பழைய பூட்டுக் கதவுக்குத் திரும்பி வரலாம். உங்க ஹாலோ நைட்டுக்குத் தாத்தா இந்த ரெண்டாவது வம்சம். மெட்ராய்ட்வேனியான்னு அந்த வகையைச் சொல்றாங்கல்ல, அதுல பின்பாதி இந்தத் தொடரோட பேர்தான்.

ஹாலோ நைட் பிடிச்சவரு ரெண்டாவது வம்சத்துலதானே ஆரம்பிக்கணும்னு கேட்பீங்க. அங்கதான் எனக்கு வேற கருத்து. அந்த விளையாட்டு உங்களுக்குத் தெரியும். சாட்டை விளையாட்டு தெரியாது. சிம்ஃபனி எதை உடைச்சு வெளிய வந்துச்சுங்கிறது, உடையாத முழுசைத் தொட்டுப் பார்த்தவனுக்குத்தான் உறைக்கும்.

சைமனோட உடம்பைப் பத்திச் சொல்றேன், கேளுங்க. குதிச்சா குதிச்சதுதான். காத்துல இருக்கும்போது திரும்ப முடியாது, தூரத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. விட்ட அம்பு மாதிரி. சாட்டையை வீசினா அது உடனே போய் அடிக்காது, கை பின்னாடி போய்ச் சுழண்டு வர ஒரு கண நேரம் ஆகும். நின்னு அடிச்சா அது முடியிற வரைக்கும் கால் நகராது. படிக்கட்டுல ஏறிட்டா குதிக்க முடியாது. அடி பட்டா பின்னாடி தூக்கி எறியப்படுவார், பின்னாடி பள்ளம் இருந்தா முடிஞ்சுது. இதையெல்லாம் கேட்டா என்னடா இது கட்டிப்போட்ட மாதிரி இருக்கேன்னு தோணும். முதல் நாள் எரிச்சலாத்தான் இருக்கும். மூணாவது நாள் ஒண்ணு நடக்கும் பாருங்க: பொத்தானை அழுத்துறதுக்கு முன்னாடி யோசிக்க ஆரம்பிச்சிடுவீங்க. அந்தக் கோட்டையில ஒவ்வொரு எதிரியும், ஒவ்வொரு படியும் சைமனோட இந்த உடம்பை மனசுல வெச்சு அளந்து வெச்சது. ஒரு அங்குலம் கூட ஏனோதானோன்னு கிடையாது.

நான் காரைக்குடியில மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வெச்சிருக்கேன். 1995 கோடை லீவுல சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து டிவி கேம் பெட்டியும் ரெண்டு கேசட்டும் வாங்கிட்டு வந்தார். அதுல ஒண்ணு இது. பேர் தெரியாது, தெருவுல எல்லாரும் "சாட்டை கேம்"னுதான் சொல்லுவோம். மொத்தம் 18 கட்டம், மூணு மூணா சேர்ந்து ஆறு பகுதி. அந்தக் கேசட்ல சேவ் பண்ற வசதியே கிடையாது. செத்தா எத்தனை தடவை வேணாலும் அந்தப் பகுதியோட தொடக்கத்துல இருந்து எழுந்து வரலாம், ஆனா பெட்டியை அணைச்சா எல்லாம் போச்சு. ஒரு நாள் காலையில உட்கார்ந்து அஞ்சாவது பகுதி வரைக்கும் போயிட்டேன். பின்னாடி பாயில ஏழெட்டு பசங்க. அந்தப் பகுதியோட பெரிய ஆளான எமன் நிக்கிற வாசலுக்கு ரெண்டே எட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு. ஒருத்தரும் பேசலை. அந்தக் கருப்புத் திரையை இன்னைக்கும் மறக்கலை. 2019ல காசில்வேனியா ஆனிவர்சரி கலெக்ஷன் வந்ததும் முதல் நாளே வாங்கினேன். 24 வருஷம் கழிச்சு அந்த வாசலைத் தாண்டினேன்.

உங்களுக்கு வேண்டியதும் அந்தத் தொகுப்புதான். லேப்டாப்ல ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடையில இருக்கு. எட்டு கேம் உள்ளே வருது: முதல் மூணும், சூப்பர் காசில்வேனியா 4ம், கேம் பாய்ங்கிற கையடக்கப் பெட்டிக்கு வந்த ரெண்டும், பிளட்லைன்ஸும், கிட் டிராகுலாவும். தள்ளுபடி வரும்போது வாங்குங்க. நினைச்ச இடத்துல சேவ் பண்ணிக்கலாம். அது ஏமாத்து வேலைன்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஒரு மணி நேரம்தான் கிடைக்குதுன்னா, ஒரு நாளைக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான். ஆனா எமன்கிட்டயும் டிராகுலாகிட்டயும் மட்டும் சேவ் பண்ணினதை நம்பாம மோதிப் பாருங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சில விஷயம். கேம் இதை எதையும் வாய் திறந்து சொல்லாது. வாசல் தோட்டத்துல எரியுற தீச்சட்டிகளை அடிங்க, சாட்டை சங்கிலியாகும், நீளும். இதயம் எடுத்தா உயிர் ஏறாது. அது துணை ஆயுதத்தை வீசுறதுக்கான கூலி. என் மகளும் முதல் நாள் இதுலதான் ஏமாந்தா. மேல் பொத்தானும் அடிக்கிற பொத்தானும் சேர்த்து அழுத்தினா துணை ஆயுதம் பறக்கும். உயிர் ஏத்துறது இறைச்சி, சில சுவர்க்கல்லை உடைச்சா உள்ளே இருக்கும். உயிர் 16 கோடு. முதல் பகுதியில ஒரு அடிக்கு ரெண்டு கோடு குறையும், கடைசிப் பகுதிகள்ல நாலு. அதாவது அங்க நாலே அடி.

அப்புறம் அந்த இசை. நீங்க கேட்டது "பிளடி டியர்ஸ்", 1987ல வந்த ரெண்டாவது கேம் சைமன்ஸ் குவெஸ்ட்ல வர்றது. அதைக் கேட்டதுக்காக ரெண்டாவதுல ஆரம்பிச்சிடாதீங்க. ஊர்க்காரங்க பொய் சொல்லுவாங்க, வழி கேட்டா குழப்பிவிடுவாங்க. ஒரு இடத்துல சிவப்புப் படிகத்தைக் கையில வெச்சுக்கிட்டு பாறைகிட்ட மண்டி போட்டுக் காத்திருந்தாத்தான் சூறாவளி வந்து தூக்கிட்டுப் போகும். அதை எவனும் தானா கண்டுபிடிக்க மாட்டான். இசைக்காக ஒரு நாள் தனியா உட்கார்ந்து கேளுங்க, கேமைக் கடைசிக்கு வெச்சுக்கோங்க. முதல் கேமோட இசையும் லேசுப்பட்டது இல்லை. கினுயோ யமாஷிதாவும் சதோயே தெராஷிமாவும் போட்டது. கோட்டைக் கதவு திறந்து உள்ளே போனதும் வர்ற "வாம்பயர் கில்லர்" இருக்கே, பட்டறையில காயில் சுத்தும்போது என் வாய் தானா முணுமுணுக்கும்.

முதலாவது முடிஞ்சதும் மூணாவதுக்கு வாங்க, 1989ல வந்தது. ட்ரெவர், சைஃபா, அலுகார்ட் மூணு பேரும் அங்க இருக்காங்க. நெட்ஃப்ளிக்ஸ் தொடர்ல வராத கிரான்ட்டும் இருக்கான். மூணாவதைப் பத்தி நீங்க அங்க வந்து சேரும்போது எழுதுறேன்.

மாடித்தோட்டம் எழுதியது:

வடக்குவீதி அண்ணன் சொன்னதுல நியாயம் இருக்கு. ஆனா தம்பி, எனக்கு வேற அனுபவம், அதையும் கேட்டுக்கோங்க.

எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ராத்திரி பத்தரைக்கு மேல அடுப்படி ஒதுங்கின பிறகுதான் என் நேரம். நானும் முதல் கேம்ல தொடங்கி மூணாவது பகுதியில மம்மிகள்கிட்ட மாட்டிக்கிட்டு, மூட்டை கட்டி வெச்சுட்டேன். ஒரு வருஷம் இந்தத் தொடர் பக்கமே வரலை. திரும்ப என்னைக் கூட்டிட்டு வந்தது ஆரியா ஆஃப் சாரோ. 2003ல கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்தது, இப்ப அட்வான்ஸ் கலெக்ஷன்ல ஸ்டீம்ல கிடைக்குது.

அதுல கதை 2035ல நடக்குது. சோமா க்ரூஸ்னு ஒரு பையன், சூரிய கிரகணத்தப்போ கோட்டைக்குள்ள போய்ச் சேர்ந்துடுறான். பெல்மான்ட் வம்சம், பழைய வருஷம் எதுவும் தெரியாமலே உள்ளே போகலாம், ஏன்னா அவனுக்கும் ஒண்ணும் தெரியாது. அதுதான் எனக்கு ரொம்ப உதவுச்சு. அடிக்கிற எதிரிகள்ல சிலரோட ஆன்மா அவனுக்குள்ள வந்து சேரும், அதோட சக்தி அவனுக்குக் கிடைக்கும். எலும்புக்கூடோட ஆன்மா கிடைச்சா எலும்பை எறியலாம். ஒரு ஆன்மா தண்ணி மேல நடக்க வைக்கும், இன்னொண்ணு தண்ணிக்கு அடியில நடக்க வைக்கும். இன்னும் ஒரே ஒரு எதிரி, இன்னும் ஒரே ஒரு அறைன்னு எத்தனை ராத்திரி பன்னெண்டரை ஆச்சு தெரியுமா! அரை மணி நேரத்துல கூட ஏதாவது ஒண்ணு கையில சேர்ந்திருக்கும், வெறுங்கையோட தூங்கப் போன நாளே இல்லை. நைட் ஷிஃப்ட் பார்க்கிற உங்களுக்கு அது முக்கியம்னு நினைக்கிறேன்.

அந்தத் தொகுப்புல ரீவைண்ட் வசதி இருக்கு, சில வினாடி பின்னாடி போய்த் தப்பைத் திருத்திக்கலாம். அதே தொகுப்புல 2001ல வந்த சர்க்கிள் ஆஃப் தி மூனும் இருக்கு. நல்ல கேம், ஆனா அதை முதல்ல எடுக்காதீங்க, ஓடுறதுக்கே ஒவ்வொரு தடவையும் ரெண்டு தட்டு தட்டணும், விரல் ஓய்ஞ்சிடும்.

ஆரியாவுல ஒண்ணு மட்டும்: கோட்டைக்குள்ள கிடைக்கிற பழைய புத்தகங்களைப் பையில போட்டுட்டுப் போயிடாதீங்க. பிரிச்சுப் படிங்க. கடைசிச் சண்டைக்கு முன்னாடி அதுல இருக்கிறதை யோசிங்க. இதுக்கு மேல சொன்னா பாவம்.

மெமரிகார்ட் எழுதியது:

சிம்ஃபனி பக்கம் பேச ஒரு ஆள் வேணும்ல, நான் பேசுறேன்.

முதல்ல நடைமுறை. ஸ்டீம்ல சிம்ஃபனி கிடையாது. பிளேஸ்டேஷன் 4ல ரெக்வியம்னு ஒரு தொகுப்புல இருக்கு, கூடவே 1993ல ஜப்பான்ல மட்டும் வந்த ரோண்டோ ஆஃப் பிளட்டும் இருக்கு. உங்ககிட்ட பிளேஸ்டேஷன் இல்லை. ஆனா 2020ல ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சிம்ஃபனி வந்துடுச்சு. திரையில விரலை வெச்சு விளையாடாதீங்க, கன்ட்ரோலரை புளூடூத்ல போன்ல சேர்த்துக்கோங்க. ஹெட்போன் கண்டிப்பா வேணும். மிச்சிரு யமானே போட்ட இசை அது, போன் ஸ்பீக்கர்ல வீணாகும். பளிங்குக் கூடத்துக்குள்ள நுழையும்போது அந்த பேஸ் கிட்டார் காதுக்குள்ள இறங்கணும்.

நீங்க பார்த்த அலுகார்ட்தான் இதுல நாயகன், டிராகுலாவோட மகன். ஆனா தொடர்ல வர்ற காலத்துக்கு முன்னூறு வருஷத்துக்கும் மேல பின்னாடி, 1797. ஆரம்பத்துல ஒரு சின்னச் சண்டை வரும், அதுல நீங்க ரிக்டர் பெல்மான்ட்டா டிராகுலாவோட மோதுவீங்க. அது ரோண்டோ கதையோட முடிவு, அஞ்சு வருஷம் முன்னாடி நடந்தது. புரியலைன்னு பயப்படாதீங்க, இவ்வளவு தெரிஞ்சா போதும். அப்புறம் அலுகார்ட் நல்ல நல்ல ஆயுதத்தோட உள்ளே வருவார், கொஞ்ச தூரத்துல எமன் வந்து எல்லாத்தையும் பிடுங்கிட்டுப் போயிடுவான். அதுவும் உங்க தப்பு இல்லை, எல்லாருக்கும் அப்படித்தான்.

இப்ப நான் எழுத வந்த காரணம். 2003ல ஹாஸ்டல்ல சீனியர் ஒருத்தர்கிட்ட டிஸ்க் கடன் வாங்கி பத்து நாள்ல முடிச்சேன். முடிவுக் காட்சி வந்துச்சு, பேர் எல்லாம் ஓடிச்சு. சின்னக் கேம்தான், ஆனா அழகுன்னு சொல்லி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துட்டேன். நாலு வருஷம் கழிச்சு வேலைக்குப் போன ஊர்ல அறைத்தோழனோட மெமரி கார்டைப் போட்டப்ப அவன் சேவ் கண்ணுல பட்டுச்சு. கோட்டையில எவ்வளவு பார்த்தாச்சுன்னு சதவீதம் போடும்ல, அதுல 196ன்னு இருந்துச்சு. கேம் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். அவன் ஒண்ணும் சொல்லாம, கடிகார அறைக்குப் போய் ரெண்டு மோதிரத்தையும் மாட்டிட்டு நில்லுன்னு மட்டும் சொன்னான். அன்னைக்கு ராத்திரி நான் தூங்கலை.

அதனால தம்பி, எப்ப விளையாடினாலும், ரிக்டரை அடிச்சதும் கேம் முடிஞ்ச மாதிரி காட்டினா நம்பாதீங்க. முழுசாப் பார்த்தா 200.6 சதவீதம் வரும். மீதி என்னன்னு நீங்களே கண்ணால பாருங்க.

எது முதல்லன்னா, வடக்குவீதி அண்ணன் பேச்சைக் கேளுங்க. நான் சிம்ஃபனியில ஆரம்பிச்சவன். அதுக்கப்புறம் சைமன் கிட்ட போனா அந்தக் குதியை விரல் ஒத்துக்கவே மாட்டேங்குது, அலுகார்டோட இறகு மாதிரி நடைக்குப் பழகிடுச்சு. சைமன்ல இருந்து அலுகார்டுக்கு வர்றது சுலபம்.

இரவுப்பணி எழுதியது:

மூணு பேருக்கும் மனசார நன்றி. ரெண்டு தொகுப்பையும் விருப்பப் பட்டியல்ல போட்டு வெச்சேன், ஆனிவர்சரி தள்ளுபடியில வந்துச்சு, வாங்கிட்டேன். ஒன்பது நாள் ஆச்சு.

முதல் நாள் நெஜமாவே எரிச்சல். வௌவால் ஒண்ணு தட்டி தண்ணிக்குள்ள விழுந்து விழுந்து செத்தேன். மூணாவது நாள் அண்ணன் சொன்ன மாதிரியே ஆச்சு. கைப்பிடிச் சுவர்கிட்ட நின்னு, அந்தக் கூனன் மாதிரி தத்தித் தத்தி வர்ற குட்டிப் பிசாசு எப்ப தரையில கால் வைக்கும்னு எண்ணிட்டு இருந்தேன். அது இறங்குற நேரத்துக்கு சாட்டை போய்ச் சேர்ந்துச்சு. அந்த ஒரு அடியில கிடைச்ச சந்தோஷம் சொல்லி மாளாது. மம்மி ரெண்டையும் தாண்டிட்டேன் அக்கா, உங்களை நினைச்சுக்கிட்டேன்.

இப்ப எமனுக்கு முன்னாடி இருக்கிற அந்த நீள நடையில நிக்கிறேன். கோடாலி எறியுற கவசக்காரங்க ஒருபக்கம், மெதுசா தலைகள் அலை அலையா பறந்து வர்றது ஒருபக்கம். நாலு நாளா அங்கேயே. எப்படியாவது எமன் வரைக்கும் போனாலும் உயிர் நாலு கோடுதான் மிச்சம், அரிவாளு பறந்து வந்து முடிச்சிடுது. நடைக்கு முன்னாடி சேவ் வெச்சிருக்கேன், எமன் முன்னாடி வைக்கலை, சொன்ன பேச்சைக் காப்பாத்துறேன். ஏதாவது வழி இருக்கா?

வடக்குவீதி எழுதியது:

தம்பி, உங்க பதிவைப் பட்டறையில நின்னுக்கிட்டே ரெண்டு தடவை படிச்சேன். வந்து சேர்ந்துட்டீங்க, நான் நின்ன அதே வாசல்.

அந்த நடையில எல்லாரும் செய்யுற தப்பு, அவசரம். மெதுசா தலைகள் உங்க பின்னாடியும் முன்னாடியும் இருந்து வந்துக்கிட்டே இருக்கும், அது நிக்காது. அதனால ஓடிடலாம்னு தோணும். ஓடாதீங்க. தலை பறக்கிற பாதை ஒரே அலைதான், மேலே போய்க் கீழே வரும். உங்ககிட்ட வரும்போது அது மேலே இருக்கப் போகுதா கீழே இருக்கப் போகுதான்னு தூரத்துலயே கண் கணிச்சிடும், நாலு நாள் பார்த்திருக்கீங்க, உங்களுக்கே தெரியும். மேலே போற தலையைக் குனிஞ்சு விட்டுடுங்க. எல்லாத்தையும் அடிக்க வேண்டியதில்லை.

கவசக்காரன் கோடாலி ரெண்டு உயரத்துல வரும். உசரத்துல வந்தா குனியணும், தாழ வந்தா குதிக்கணும், இல்லை சாட்டையால கோடாலியையே அடிச்சு விழ வைக்கலாம். போன கோடாலி அவன்கிட்டயே திரும்பிப் போகும், அது திரும்புற நேரத்துல ரெண்டு எட்டு முன்னேறி ரெண்டு அடி. அவன் முன்னேறினா நீங்க பின்னேறுங்க. இடம் கொடுக்கிறதுக்கு வெட்கப்படாதீங்க, நடை நீளமா இருக்கிறதே அதுக்குத்தான்.

இப்ப எமன். புனித நீர் கையில வெச்சுக்கோங்க, வேற எதையும் வழியில தவறி எடுத்துடாதீங்க. துணை ஆயுதத்தால நிறைய அடிச்சா இரட்டை, அப்புறம் மும்மடங்கு வீசுற சக்தி தீச்சட்டியில இருந்து கிடைக்கும். மும்மடங்கோட போய், எமன் உருவெடுத்த உடனே காலடியில புனித நீரை எறிங்க. அந்தத் தீ எரியுற வரைக்கும் அவன் நகர மாட்டான். தீ அணையுறதுக்குள்ள அடுத்தது. அரிவாளுக்குப் பதறாதீங்க, கை அவன்மேல இருக்கட்டும். புனித நீர் கிடைக்கலைன்னா சிலுவை எடுத்துக்கோங்க, போய்த் திரும்பி வரும்போது அரிவாளையும் சேர்த்து உடைக்கும். 1995ல எங்க யாருக்கும் இது தெரியாது.

மாடித்தோட்டம் எழுதியது:

மம்மி ரெண்டையும் எப்படித் தம்பி தாண்டினீங்க? நான் திரும்ப எடுத்து உட்காரப் போறேன்.

இரவுப்பணி எழுதியது:

அக்கா, மம்மிக்கும் புனித நீர்தான், மூலையில நின்னு எறிஞ்சேன். ரெண்டும் ஒண்ணா வரும்போது எறியணும்.

அண்ணா, எமன் போயிட்டான். நேத்து விடியக்காலை நாலே முக்கால், ஷிஃப்ட் முடிஞ்சு வந்து செருப்பைக் கூடக் கழட்டலை. நடையில ஒரு கவசக்காரனுக்கு முழுசா இடம் விட்டு விட்டு, நாலு கோடுதான் போச்சு. மும்மடங்கு புனித நீர், நீங்க சொன்ன மாதிரியே. அவன் அசையவே இல்லை. கத்திட்டேன், அம்மா எழுந்து வந்து என்னாச்சுடான்னு கேட்டாங்க. எமனைக் கொன்னுட்டேன்மான்னேன், நெத்தியில கை வெச்சுப் பார்த்தாங்க.

டிராகுலாவுக்கு இன்னும் மூணு நாள் ஆச்சு. தலையைத்தான் அடிக்கணும்னு புரியவே ஒரு நாள். முடிச்சாச்சு.

இன்னைக்கு மூணாவதைத் திறந்தேன். ட்ரெவர் கையில சாட்டையோட நடக்கும்போது பழைய ஆளைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. முதல் பகுதி முடிஞ்சதும் பாதை ரெண்டாப் பிரியுது. ஒண்ணு கடிகாரக் கோபுரம், ஒண்ணு காடு. எதுல போக?

வடக்குவீதி எழுதியது:

கோபுரம் ஏறுங்க. மேலே கிரான்ட் இருக்கான், அவனை மீட்டுக்கிட்டு அதே கோபுரத்துல கீழே இறங்கி வரணும், அந்த இறக்கம்தான் அருமை. காடு எப்படியும் அடுத்து வரும். காட்டு வழியோட கடைசியில ஒத்தைக்கண்ணன் ஒருத்தன் நிப்பான், அவனை வீழ்த்தினா கல்லா நிக்கிற ஒருத்தங்களுக்கு உயிர் வரும். தொடர்ல பார்த்த காட்சிதான், யாருன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா கூட ஒரு ஆளைத்தான் கூட்டிட்டுப் போக முடியும், கிரான்ட்டா சைஃபாவான்னு அங்க முடிவு பண்ணணும்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க, விளையாட்டை மூடிட்டு தொகுப்போட மெனுவுல ஜப்பான் பதிப்பைத் தேர்ந்தெடுங்க. எழுத்து ஜப்பானிய மொழிதான், படிக்க வேண்டியது கொஞ்சம்தான். அந்த கேசட்டுக்குள்ள இசைக்குன்னே தனி சிப் வெச்சிருந்தாங்க, வெளிநாட்டுப் பதிப்புல அது இல்லை. கிரான்ட்டும் அதுல கத்தியை எறிவான், மத்ததுல கையால குத்த மட்டும்தான் செய்வான். முதல் பகுதியை மறுபடி விளையாட வேண்டியிருக்கும். ஹெட்போன் போட்டுக்கோங்க.